மணலில் மனுவலா, ஓட்டோ கியரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்ணியா, மூதூர், திருகோணமலை நகரப் பக்கங்களிலிருந்து வளைகுடாவுக்குச் சாரதி வேலைக்குப் போகிறவர்கள் விசா கைக்கு வந்ததும் கேட்கத் தொடங்குகிற கேள்விகள் இவை. நிலாவெளி, குச்சவெளிக் கரையில் வண்டியை இறக்கிப் புதைத்துக்கொண்டவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். இந்தப் பக்கம் முழுவதும் 'ஓட்டோ' என்றால் ஓட்டோ கியர். மூன்று சில்லு வண்டி அல்ல.

1. ரோட்டில மனுவலுக்கும் ஓட்டோவுக்கும் வித்தியாசம் தெரியும். மணல்ல அப்பிடி என்ன வந்திடப் போகுது?

தார் வீதியில் கியர் மாற்றக் கிளச்சை மிதித்தால் வண்டி தன்பாட்டில் உருண்டுகொண்டிருக்கும். மென்மணலில் அந்த அரை விநாடி பிறேக் பிடித்ததற்குச் சமம். சில்லுக்கு முன்னால் மணல் குவிந்து வேகத்தை விழுங்கிவிடும். அடுத்த கியர் விழும்போது அந்தக் கியருக்கு வேண்டிய வேகம் இருக்காது. எஞ்சின் திணறும், அல்லது அணைந்துவிடும்.

ஓட்டோவில் கிளச்சின் இடத்தில் டோர்க் கொன்வேர்ட்டர் இருக்கிறது. எண்ணெய் நிறைந்த ஒரு கூடு அது. எஞ்சின் பக்கத்துச் சுழலி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் கியர்பொக்ஸ் பக்கத்துச் சுழலியைச் சுற்றுகிறது. கியர் மாறும்போதும் இழுவை அறுவதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கியும் தருகிறது. இதற்கெல்லாம் கூலி சூடுதான். மனுவலில் சூடு கிளச் தட்டில் ஏறும், ஓட்டோவில் எண்ணெயில் ஏறும். கீழே வரும் கேள்விகளில் பாதி இந்தச் சூட்டைப் பற்றியவை.

2. சுத்தி வளைக்காமச் சொல்லுங்கோ அண்ணை, எது நல்லது?

மணலுக்குப் புதியவருக்கு டோர்க் கொன்வேர்ட்டர் உள்ள ஓட்டோ. இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. கிளச்சுக்குப் போகிற கவனம் மணலைப் பார்ப்பதற்கு மிஞ்சும். செங்குத்தான இறக்கத்திலும், பட்டறை இல்லாத தூரத்தில் பழுதானாலும் மனுவல் கைகொடுக்கும்.

ஆனால் வேலைக்குப் போகிறவர் தெரிவுசெய்வதில்லை, கம்பனி கொடுத்ததை ஓட்டுகிறார். லாண்ட் குரூசர் 79 பிக்கப் நெடுங்காலம் 5 கியர் மனுவலாகவே வந்தது; 2.8 லீற்றர் டீசலோடு 6 கியர் ஓட்டோ வந்தது 2023இல்தான். ஆகவே மனுவலைத் தெரிந்துகொண்டு போங்கள்.

3. கியரை விடுங்க நானா, ரயருக்கு எவ்வளவு காத்து விடணும்?

கியரைவிட முக்கியமான கேள்வி இதுதான். வீதியில் 32 முதல் 36 பி.எஸ்.ஐ. இருக்கும் ரயரை மணலில் இறங்குமுன் 15 முதல் 18க்கு இறக்குங்கள். பின்னால் பாரம் ஏற்றிய பிக்கப்பென்றால் பின் ரயர்களில் இரண்டு மூன்று கூட வைக்கலாம். காற்று குறைந்ததும் ரயர் தட்டையாகி, முக்கியமாக நீளவாக்கில், மணலில் படியும் பரப்பு கூடுகிறது. அப்போது வண்டி மணலை வெட்டாமல் அதன் மேல் மிதக்கிறது. 35 பி.எஸ்.ஐ.யோடு இறங்கிவிட்டு 'ஓட்டோ சரியில்லை, மனுவல் சரியில்லை' என்று சொல்வதில் பொருளில்லை.

12க்குக் கீழே போனால் சடுதியாகத் திருப்பும்போது ரயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். புதைந்த வண்டியை வெளியே எடுக்க மட்டும் 10 வரை போய், வந்தவுடன் ஏற்றிவிடுங்கள். ஓடிச் சூடான ரயர் கூடிய அளவைக் காட்டும் என்பதால் நாலையும் ஒரே நேரத்தில், ஒரே அளவுமானியால் பாருங்கள். காற்றைத் திரும்ப ஏற்றாமல் தார் வீதியில் வேகமாக ஓடினால் ரயரின் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். நிலாவெளியில் பெற்றோல் செட் கிட்ட இருக்கும், பாலைவனத்தில் இராது. 12 வோல்ட் கொம்பிரசர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

4. மனுவல்ல முதலாம் கியர்ல எடுத்தாச் சில்லு தோண்டுது. எப்பிடி எடுக்கிறது?

முதலாம் கியரில் முறுக்குவிசை அதிகம். மணல் தாங்காமல் சில்லு அதே இடத்தில் சுற்றும். 4 ஹையில் (நாலு சில்லும் சாதாரண கியர் அளவில் இழுக்கும் நிலை) இறுகிய மணலென்றால் இரண்டாம் கியரில் எடுங்கள். மென்மணலென்றால் 4 லோவுக்குப் போய் இரண்டாம் கியர். 4 லோ எல்லாக் கியரையும் சுமார் இரண்டரை மடங்கு தாழ்த்துவதால் இரண்டாம் கியரில்கூடக் கிளச்சை நழுவவிடாமல் கிளம்பலாம். முன்சில்லு நேராக இருக்கட்டும். திரும்பிய சில்லு மணலைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

கிளச்சை முழுவதும் விட்ட பிறகுதான் அக்சிலேட்டரைக் கூட்ட வேண்டும். கியரைச் சமதரையில் தெரிவுசெய்து, மேடு தாண்டும் வரை அதையே பிடியுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மேலே மாற்றுவதை இறக்கத்தில் செய்யுங்கள். கீழே மாற்றுவதை எஞ்சின் திணறத் தொடங்குமுன், ஒரே அசைவில் செய்யுங்கள். நிறுத்த வேண்டி வந்தால் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி இறக்கத்தில் நிறுத்துங்கள், பிறேக்கை அமுக்காமல் தானாக நிற்க விடுங்கள். கிளம்பும்போது பாதி வேலையை இறக்கமே செய்துவிடும்.

5. கிளச் மணக்குது. இன்னும் ஓடலாமா?

நிறுத்துங்கள். தட்டின் மேற்பூச்சு எரிகிற மணம் அது. நியூட்ரலில் போட்டு, கிளச் பெடலிலிருந்து காலை எடுத்து, எஞ்சினை ஐடிலில் அரை மணித்தியாலம் விடுங்கள். காலை எடுத்தால்தான் தட்டு நழுவாமல் எல்லாம் சேர்ந்து சுற்றி வெப்பத்தை வெளியேற்றும். பெடலில் கால் வைத்து ஓய்வெடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இந்த மணம் அடிக்கடி வரும்.

பிறகு இறுகிய தரையில் சோதியுங்கள். நாலாம் கியரில் 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் அக்சிலேட்டரை நன்றாக அமுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு முடிந்துவிட்டது. அதோடு மணலுக்குத் திரும்பக்கூடாது.

6. ஓட்டோவில டி-யில போட்டுட்டு ஏறினாப் போதும்தானே?

தட்டையான மணலில் போதும். மேட்டில் போதாது. ஏறிக்கொண்டிருக்கும்போது காலைச் சற்றுத் தளர்த்தினால், ஓட்டுநருக்கு அவசரமில்லை என்று நினைத்துக் கியர்பொக்ஸ் மேல் கியருக்குப் போய்விடும். உடனே பலம் குறைந்து, அமுக்கினால் திரும்பக் கீழே இறங்கும். அதற்குள் வேகம் போயிருக்கும். ஆகவே கியரைப் பூட்டுங்கள்: லீவரில் 2 அல்லது 3, புதிய வண்டிகளில் எஸ் அல்லது எம் நிலைக்குத் தள்ளி 2, 3. எஞ்சினைப் பெற்றோலில் 3000 ஆர்.பி.எம். சுற்றிலும், டீசலில் 2000க்கு மேலும் வைத்திருங்கள்.

டி-யிலிருந்து ஆருக்குப் போகும்போது வண்டி முழுதாக நின்ற பிறகே மாற்றுங்கள். உருளும்போது மாற்றினால் அடி கியர்பொக்ஸுக்குத்தான்.

7. மீற்றர்ல ஏ.ரி. ஒயில் டெம்ப் லைட் எரிஞ்சுது. எஞ்சினை நிப்பாட்டிட்டன். சரிதானே?

சரியில்லை. எஞ்சினை அணைத்தால் கியர் எண்ணெயைக் கூலருக்குத் தள்ளும் பம்பும் நின்றுவிடும். சூடு உள்ளேயே தங்கும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பி-யில் போட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, லைட் அணையும் வரை காத்திருங்கள். முன்பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்த முடிந்தால் நல்லது.

ஏன் சூடேறியது என்று பார்த்தால் பெரும்பாலும் 4 ஹையில் மெதுவாக, நெடுநேரம், நிறைய அமுக்கி ஓடியதுதான் காரணமாக இருக்கும். அப்போது கொன்வேர்ட்டருக்குள் இரண்டு சுழலிகளும் வேகம் ஒத்துப்போகாமல் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கின்றன. 4 லோவுக்கு மாறினால் அந்த வேறுபாடு குறைந்து சூடும் குறையும். எண்ணெயை எடுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கபிலமாகி எரிந்த மணம் வந்தால் மாற்ற வேண்டும். 'ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை' என்பது மணலில் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல கணக்கு.

8. 4 ஹை எப்ப, 4 லோ எப்ப?

வேகம் தேவையான திறந்த மணலுக்கு 4 ஹை. மெதுவாகப் பலம் தேவைப்படும் இடத்துக்கு, புதைந்து வெளியே வருவதற்கு, செங்குத்து இறக்கத்துக்கு 4 லோ. லோவுக்கு மாற்றுவதற்கு வண்டியை நிறுத்துங்கள். ஓட்டோவில் என்-னிலும் மனுவலில் கிளச்சை மிதித்தும் மாற்ற வேண்டும். இதைப் புதைந்த பிறகு செய்யாமல், மணல் தொடங்கும் இடத்திலேயே செய்யுங்கள்.

பழைய லாண்ட் குரூசர் 79லும் நிசான் பட்ரோலிலும் முன்சில்லு நடுவில் கையால் திருகும் ஹப் இருக்கலாம். அது திறந்த நிலையில் இருந்தால், உள்ளே 4 ஹை லைட் எரிந்தாலும் முன்சில்லு இழுக்காது. 'போர் வீல் போட்டும் புதைஞ்சுட்டுது' என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

9. மேட்டில ஏறிப் பாதியில நிண்டிட்டுது. இனி?

சில்லு சுற்றுமுன் காலை எடுங்கள். பிறேக்கைப் பிடியுங்கள். வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். திருப்பி இறங்கப் பார்த்தால் வண்டி பக்கவாட்டில் உருளும். மணல்மேட்டு விபத்துகளின் வழமையான காரணம் அதுதான்.

ஓட்டோவில் வேலை சுருக்கம்: பிறேக், ஆர், பிறேக்கை மெல்ல விடுதல், ஸ்டியரிங் நேராக. மனுவலில் எஞ்சினும் அணைந்திருக்கும். பிறேக்கைப் பிடித்தபடி ரிவேர்ஸ் போட்டு, கிளச்சை விட்டு, பிறேக்கை மெல்லத் தளர்த்திச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டாட்டர் மோட்டர் வண்டியை அசைக்கும்போதே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்போது பிறேக்கை முழுவதும் விடலாம். கிளச் மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாத வண்டியென்றால் மிதித்து ஸ்டார்ட் செய்து, பிறேக்கை விடாமல் ரிவேர்ஸில் கிளச்சை மெல்ல விடுங்கள். இறங்கும்போது மனுவலில் கிளச்சை மிதிப்பதும் ஓட்டோவில் என்-னில் போடுவதும் ஒன்றுதான்: வண்டி அவிழ்த்துவிட்ட மாடாகிவிடும்.

10. இறக்கத்தில ஓட்டோ ஓடிப் போயிடும் எண்டு சொல்றாங்களே?

டி-யில் விட்டால் ஓடும். வேகம் ஏற ஏறக் கியர்பொக்ஸ் மேல் கியருக்குப் போவதால் எஞ்சின் பிடி தளர்ந்துவிடும். 4 லோவில் எல் அல்லது எம்1இல் பூட்டினால் ஓடாது. மனுவலில் 4 லோ, முதலாம் அல்லது இரண்டாம் கியர், இரண்டு பெடலிலும் கால் இல்லை. இந்த இடத்தில் மனுவலின் பிடி கொஞ்சம் இறுக்கமானதுதான், ஏனென்றால் கொன்வேர்ட்டரில் நழுவல் எப்போதும் சிறிதாவது இருக்கும்.

சரிவுக்கு நேராக இறங்குங்கள். பின்பக்கம் வழுகி முந்தப் பார்த்தால் பிறேக்கைத் தொடாமல், மூக்கை இறக்கப் பக்கம் திருப்பி அக்சிலேட்டரைச் சற்றுத் தொட்டால் நேராகிவிடும். கை சொல்வதைக் கால் கேட்காத தருணம் இது. நான்கைந்து சிறு மேடுகளில் பழகாமல் பெரிய மேட்டுக்குப் போகாதீர்கள்.

11. எங்கட வெசலும் ஓட்டோதான். நிலாவெளிக் கரையில இறக்கிப் பழகலாமா?

வேண்டாம். ஓட்டோ என்ற பெயரில் நாலு விதமான கியர்பொக்ஸ் நம் வீதிகளில் ஓடுகின்றன. மேலே சொன்ன நன்மைகள் எல்லாம் டோர்க் கொன்வேர்ட்டரும் படிக்கியரும் உள்ளதற்கு மட்டும். 2021க்கு முன் வந்த ஹொண்டா வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச். மணலில் தவழவிட்டால் மனுவல் கிளச் போலவே சூடேறும், மிதித்துக் காப்பாற்றப் பெடலும் இல்லை. ஜப்பான் வேகன் ஆரில் இருப்பது பட்டியால் ஓடும் சி.வி.ரி.; பாரத்தில் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளப் பலத்தைக் குறைத்துவிடும். ஏ.ஜி.எஸ். என்று வருவது மனுவல் கியர்பொக்ஸ்தான், கிளச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரம் செய்கிறது. மணலில் அது மனுவலின் குறைகளையும் ஓட்டோவின் குறைகளையும் சேர்த்துத் தரும்.

மணல் பழக ஆசையென்றால் ஜிம்னி நல்ல வண்டி. 5 கியர் மனுவலும் 4 கியர் ஓட்டோவும் உண்டு, இரண்டிலும் 4 லோ இருக்கிறது.

12. கரை மணல்ல பழகினாப் பாலைவனம் சரிவருமா?

பாதி சரிவரும். ரயர் காற்று, கியரைப் பூட்டுவது, நேரான சில்லு எல்லாம் அப்படியே பொருந்தும். ஆனால் நம் கரையில் அலை நனைக்கும் பட்டி இறுகியிருக்கும், மேலே காய்ந்த மணல்தான் இளகும். கரைவலை இழுக்கும் டிராக்டர்கள் எந்தப் பட்டியில் நிற்கின்றன என்று பார்த்தாலே தெரியும். பாலைவனத்தில் நனைந்த பட்டி கிடையாது. அங்கே காற்று வரும் பக்கத்துச் சரிவு ஓரளவு இறுகியது. மறுபக்கச் சரிவு செங்குத்து, பொலபொலவென்று சரியும். கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்து கிடக்கும் மேல்கரை அதற்குக் கொஞ்சம் கிட்ட வரும்.

நேரமும் முக்கியம். குளிர்ந்த காலையில் இறுகியிருக்கும் மணல் வெயில் ஏறியதும் இளகும். காலையில் 18 பி.எஸ்.ஐ.யில் போன தடத்தில் மத்தியானம் 15 தேவைப்படலாம்.

13. புதைஞ்சா முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி எடுக்கலாம்தானே?

இரண்டு மூன்று முறை. அதற்குமேல் மனுவலில் கிளச்சும் ஓட்டோவில் எண்ணெயும் போகும், வண்டியின் வயிறும் மணலில் உட்கார்ந்துவிடும். வயிறு உட்கார்ந்தால் எந்தக் கியரும் பயன்படாது. இறங்கிச் சவளை எடுங்கள். நாலு சில்லுக்கு முன்னாலும் பின்னாலும், பிறகு வயிற்றுக்குக் கீழேயும் மணலை வாரி, காற்றை 12க்கு இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். உங்கள் சில்லு ஏற்கெனவே இறுக்கிய மணல் அது. பத்து நிமிட சவள் வேலை ஒரு கிளச் தட்டைவிட மலிவு.

14. டிரக்ஷன் கொன்ட்ரோலை நிப்பாட்டணுமா?

மென்மணலில் பெரும்பாலும் ஆம். சில்லு சுற்றுவதைக் கண்டதும் அது எஞ்சின் பலத்தை வெட்டும், மணலில் கொஞ்சம் சுற்றத்தான் வேண்டும். வண்டியில் மணலுக்கென்று தனி நிலை இருந்தால் அதைப் போடுங்கள். வீதிக்கு ஏறியதும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

15. சப்கா எண்டு பயப்படுத்துறாங்க. அது என்ன?

வளைகுடாக் கரையோரத்து உப்புத் தட்டைநிலம். களப்புக் கரையில் மேலே காய்ந்து வெடித்த ஓடும் கீழே சேறுமாக இருக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள், அதே சாதி. ஓடு தாங்கும் வரை கொங்கிறீட் போல இருக்கும், உடைந்தால் அச்சு வரை இறங்கும். மனுவலோ ஓட்டோவோ, எதுவும் எடுக்காது; வேறு வண்டியால் இழுப்பதுதான் வழி. பழைய தடம் இருந்தால் அதை விட்டு விலகாதீர்கள். நிறம் கறுத்து ஈரமாகத் தெரியும் இடத்துக்குள் இறங்காதீர்கள்.

16. அங்க ஸ்டியரிங் இடப்பக்கம். மனுவல் எண்டாக் கை குழம்பாதா?

ஒரு கிழமை குழம்பும். பெடல்களின் வரிசை மாறாது: இடது கிளச், நடு பிறேக், வலது அக்சிலேட்டர். கியர் லீவர் வலக்கைக்கு வரும், ஆனால் கியர் வரிசை கண்ணாடிப் பிம்பமாக மாறுவதில்லை. முதலாம் கியர் இங்கேயும் அங்கேயும் இடப்பக்க மேலேதான். இங்கே அது உங்களை விட்டு விலகிய பக்கம், அங்கே உங்கள் முழங்கால் பக்கம். சிக்னல் தண்டும் இடப்பக்கம் போய்விடும். முதல் நாட்களில் திரும்பும்போதெல்லாம் வைப்பர்தான் ஓடும்.

இன்னொன்று: ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஓட்டோவில் சோதனை பாஸ் செய்து எடுத்த லைசன்ஸால் மனுவல் ஓட்ட முடியாது. மனுவலில் எடுத்தால் இரண்டும் ஓட்டலாம். 2ஆம் கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் மாறாது, ஆனால் சோதனைக்கு மனுவலைப் பிடியுங்கள்.

17. நடுப் பாலைவனத்தில பற்றரி செத்தா ஓட்டோவைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

முடியாது. எஞ்சின் சுற்றினால்தான் ஓட்டோவின் எண்ணெய்ப் பம்ப் வேலை செய்யும், அழுத்தம் இல்லாமல் சில்லுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே ஏற்படாது. மனுவலை இன்னொரு வண்டியால் இழுத்து இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் ஸ்டார்ட் செய்யலாம். மணலில் ஆட்கள் தள்ளி நடக்கிற காரியமல்ல. எந்த வண்டியிலும் ஜம்பர் வயர் இருக்கட்டும். ஸ்டார்ட் கொடுக்கும் சிறிய லித்தியம் பற்றரிப் பெட்டி வைத்திருந்தால் டாஷ்போர்ட் வெயிலில் விடாதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.

பழுதான ஓட்டோவை நாலு சில்லும் தரையில் உருளத் தூர இழுக்கக்கூடாது. அதே பம்ப் நிற்பதால் உள்ளே எண்ணெய் ஓடாமல் உரசும். வீதி வரை மெதுவாக இழுத்து, அதன்பின் தட்டு லொறியில் ஏற்றுங்கள்.

18. மணல் முடிஞ்சு வீதிக்கு ஏறின பிறகு ஸ்டியரிங் இறுகுது, திரும்பும்போது வண்டி துள்ளுது. கியர்பொக்ஸ் போயிட்டுதா?

பெரும்பாலும் போகவில்லை. 4 ஹையிலேயே தார் வீதிக்கு ஏறியிருப்பீர்கள். திரும்பும்போது முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். சாதாரண போர் வீலில் இரண்டும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் தண்டில் முறுக்கு ஏறுகிறது. மணலில் சில்லு வழுகி அதை அவிழ்த்துவிடும், தாரில் வழுக இடமில்லை. 2 வீலுக்கு மாற்றுங்கள். லீவர் அசையாவிட்டால் சில மீற்றர் நேராகப் பின்னால் போனால் முறுக்கு தளர்ந்து விடுபடும். எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் பிராடோ போன்றவற்றில் நடு டிஃப் லொக்கை (முன்னையும் பின்னையும் ஒன்றாகப் பூட்டுவது) எடுத்துவிட்டால் போதும்.

அப்போதே காற்றையும் ஏற்றுங்கள் (3ஆம் கேள்வி). நம் கரையில் ஓடிய வண்டியென்றால் அன்று மாலையே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், முக்கியமாகப் பிறேக், ஹப், சஸ்பென்ஷன் மூட்டுகளை. பாலைவன மணல் காற்று ஃபில்டரை அடைக்கும். கரை மணல் உப்போடு வந்து இரும்பைத் தின்னும்.